இருபத்து மூன்றில் ஒரு ஜன்னல்

வண்டிக்கு எஞ்சின் கிடையாது.
அதனால்தான் அது எங்களுக்கு மிஞ்சியது.
இருந்திருந்தால்
யாராவது ஒரு பங்காளி எப்போதோ ஓட்டிக்கொண்டு போயிருப்பார்.

கோட்டையூர் வீட்டில் பின்கட்டுக்கும் அப்பால்
கார் கொட்டகையில் கிடந்தது,
பினாங்கில் கப்பலேறி
நாகப்பட்டினத்தில் இறங்கிய இழுவை வீடு.
பதினான்கடி நீளம், ஆறரை அடி அகலம், இரண்டு சக்கரம்.
மேலே அலுமினியம்,
அதன்மேல் புறா எச்சம்,
அதன்மேல் அறுபது வருடம்.

வீட்டுக்கு இருபத்து மூன்று பங்கு.
ஆகவே வண்டிக்கும் இருபத்து மூன்று.
கையெழுத்துக் கேட்டு வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கினேன்.
ஈப்போ ஒரு கட்டைவிரலை அனுப்பியது.
சிகாகோ, "இது நம்ம வீட்லயா இருந்துச்சு?" என்றது.
தேவகோட்டை, பழைய இரும்பு கிலோ என்ன விலை என்று
விசாரித்துவிட்டுச் சம்மதித்தது.
கோயம்புத்தூர்ப் பல் டாக்டர் நாச்சியப்பன் மட்டும்
"என் பங்கை நான் எடுத்துக்கிறேன்" என்று
ஒரு சனிக்கிழமை காரில் வந்து
இடதுபக்க ஜன்னலைக் கழற்றினார்.
சொந்த ஸ்க்ரூடிரைவர். ஒரு கீறல் இல்லை.
திருகுகள் பதினாறையும் மருந்துக் கவரில் போட்டு
என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.
திருகு அவர் பங்கில் வராதாம்.

உள்பலகையை உரித்தால்
தேக்குச் சட்டம் வெளியே தேக்கு, உள்ளே மாவு.
கரையான் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தது,
ஆணியைச் சுற்றி மட்டும் மீதி வைத்து.

அடிச்சட்டத்தை சேவியர் ராஜ் தட்டிக்கொண்டே போனார்.
டங் என்ற இடத்தில் சாக்பீஸால் கோடு,
தொப் என்ற இடத்தில் வட்டம்.
சாயங்காலம் வட்டங்களை எண்ணிவிட்டு
"டீ சொல்லுங்க" என்றார்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்.
வெளியே நான், சுத்தியலோடு.
உள்ளே என் வீட்டுக்காரர் சோலையப்பன்,
இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்தபடி.
நடுவில் தகரம். முகம் தெரியாது.
"ம்?"
"ம்."
அறுநூற்று நாற்பது ம்.
இருபத்தாறு வருடத்தில் நாங்கள்
இவ்வளவு ஒத்துப்போனதில்லை.
முன்னூறு சொச்சத்தில் கட்டை நழுவி
அவர் விரலில் விழுந்தது. கவனமில்லாதது
யார் என்பதில் இரண்டு நாள் வேலை நின்றது.
தகரத்தில் பள்ளம் விழுந்த அந்த இடத்தில்தான்
நம்பர் பிளேட்டை வைத்திருக்கிறோம்.

நம்பர் சும்மா வரவில்லை.
எஞ்சின் எண் என்ற கட்டத்தில்
"இல்லை" என்று எழுதினேன்.
அந்த ஒரு இல்லைக்கு நான்கு மாதம்.

போன ஜன்னலுக்குப் பதில்
காரைக்குடியில் பஸ் உடைக்கிற இடத்தில் ஒரு ஷட்டர்,
நூற்றைம்பது ரூபாய்.
பாதியில் நிற்காது.
ஒன்று முழுசாகத் திறக்கும், இல்லை கையில் விழும்.
பதினாறு திருகில்
ஐந்துதான் அதற்குச் சேர்ந்தது.

அந்த வாரம் டாக்டர் ஒரு படம் அனுப்பினார்.
கிளினிக்கில், வெள்ளைச் சுவரில்
ஜன்னலை மாட்டி, திரைகூடப் போட்டிருந்தார்.
பின்னால் ஒன்றுமில்லை.
கன்னத்தைப் பொத்திக்கொண்டு இரண்டு பேர்
அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் ஆல்ட்டோ இழுக்காது.
புதுவயல் அரிசி ஆலையின் டிராக்டர்தான் இழுத்தது,
தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிவரை,
பின்னால் திட்டிக்கொண்டே வந்த ஹாரன்களோடு.
அலமாரியில் டம்ளர்கள் உருண்டன.
கூரை பிய்ந்துகொண்டு போகவில்லை.

விடியும்போது
ஒரு கையால் ஷட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
அந்தச் சதுரத்தில் தெரிந்ததை மட்டும் படம் எடுத்தேன்.
தட்டையான கடல். ஒரு வள்ளம்.
வலை உதறும் யாரோ ஒருவரின் முதுகு.
"உங்க பங்கு" என்று எழுதி டாக்டருக்கு அனுப்பினேன்.

பத்து மணிக்கு மேல் பதில் வந்தது:
படம் கொஞ்சம் சாஞ்சிருக்கே.

படம் நேராகத்தான் எடுத்தேன்.
இடதுபக்க ஜாக்கி
மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.